தாளை நனைத்து எடுத்த கதை

இருபத்தைந்து வருஷம் வைக்கோல் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன் என்று சொன்னால், "மாட்டுப் பண்ணையிலயா?" என்று கேட்கிறார்கள். நானும் பல தடவை ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறேன். வெள்ளைக்காரர் வீட்டுப் பழைய மேசைகளில் வைக்கோலைக் கீறி விரித்து, சாயம் ஏற்றி, பலகையில் ஒட்டிப் படம் செய்திருப்பார்கள், அது உதிர்ந்தால் சரிசெய்து கொடுப்பதுதான் எங்கள் வேலை என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்கு விளக்கி முடிப்பதற்குள் பாபநாசம் வந்துவிடும். அவரும் இறங்கும்போது, "அப்ப மாடு எத்தனை?" என்பார்.

போன மாதம் பட்டறைக்கு ஒரு நடை போயிருந்தேன். புதிதாக ஒரு மெஷின் வந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டுவிட்டால் வைக்கோலை அதுவே மயிரிழை பிசகாமல் வெட்டித் தள்ளுகிறது. எனக்கு அதன் மேல் ஒரு வருத்தமும் இல்லை. பிளேடு பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன என் ஆள்காட்டி விரலைக் கேட்டால், இந்த மெஷின் ஏன் முன்னாடியே வரவில்லை என்றுதான் கேட்கும். மெஷினைப் பார்த்துக்கொள்ளும் நிவேதா அன்றைக்கு ஒரு முழு வைக்கோல் தகட்டை வீணாக்கிவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "அக்கா, நீங்க பண்ணதுலயே பெரிய தப்பு எது?" என்றாள். நான் சொல்லச் சொல்ல அவள் முகம் தெளிந்துவிட்டது. மற்றவர்களும் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். எழுதிக் கொடுங்கள் என்று பிடிவாதம் பிடித்தது அவள்தான். எட்டாவதோடு நின்றவள் என்றாலும் ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் வாசிக்கிறவள் நான். எழுத்துக்குப் பயம் இல்லை.

பட்டறை முன்பு ரைஸ்மில்லாக இருந்தது. கும்பகோணத்தில் பித்தளைப் பாத்திர வியாபாரம் செய்த குடும்பம் எங்கள் முதலாளியுடையது. எதை வேண்டுமானாலும் வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று கதவு திறந்துவிட்ட காலம். இடிக்கிற வீட்டுத் தூண், கதவு, அலமாரி எல்லாம் வாங்கிச் சீர்செய்து கப்பல் ஏற்றினார். அப்படியே புதுச்சேரி, காரைக்கால் பக்கத்துப் பிரெஞ்சுக்காரர் வீடுகளிலிருந்து ஐரோப்பிய சாமான்களும் வர ஆரம்பித்தன.

அவற்றைப் பார்க்க ஆசீர்வாதம் சாரை வைத்திருந்தார். சார் தரங்கம்பாடிக்காரர், லுத்தரன் சபை. அவருடைய அப்பா அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்த்தவர். சார் தச்சுவேலை கற்றுக்கொண்டு, புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் பல வருஷம் இருந்து பழைய மரச்சாமான் வைத்தியம் படித்தவர். வைக்கோல் படம் பிரான்ஸில் ரை என்கிற தானியத்தின் வைக்கோலில் செய்வது. ரை, கோதுமைக்குத் தங்கச்சி முறை என்பார் சார். அதை அங்கிருந்து வரவழைக்க மாதக்கணக்கில் ஆனது. நெல் விளைகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு வைக்கோலுக்குக் கப்பலைப் பார்த்துக் காத்திருப்பதா என்று அவருக்கு ரோசம். வைக்கோல் போரிலிருந்து ஒரு கட்டு வாங்கிப் பார்த்திருக்கிறார். களத்தில் அடித்து, மாடு மிதித்த வைக்கோல் எல்லாம் நசுங்கிச் சப்பையாக இருந்திருக்கிறது. ஒரு தை மாதம், நாங்கள் அறுத்துக்கொண்டிருந்த வயலுக்கே வந்துவிட்டார்.

செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, "அம்மா, அடிக்காத வைக்கோல் எனக்கு வேணுங்க. கதிரை மட்டும் கிள்ளிட்டு, தண்டு நசுங்காம," என்றார்.

"அடிக்காத வைக்கோலா? எந்த மாட்டுக்குங்க, பல்லு இல்லாத மாட்டுக்கா?" என்றேன்.

எல்லோரும் அரிவாளைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நாங்கள் பள்ளர் தெருவா பறையர் தெருவா, வேதக்காரர்களா மற்றவர்களா என்று எதையும் கேட்காமல், அறுப்புக்கு நின்ற பெண்களை 'வாங்க', 'சொல்லுங்க' என்று பேசிய முதல் வெளியூர்க்காரர் அவர். அதற்காகவே அவருக்கு உதவ வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அந்த வயலில் நின்றது கவர்மெண்ட் குட்டை ரகம். அதில் தண்டே வராது. தெற்கு மூலையில் மாட்டுத் தீவனத்துக்கென்று ஒரு துண்டில் மாப்பிள்ளைச் சம்பா விட்டிருந்தார்கள். ஆள் உயரம் நிற்கும். அதில் கடைசிக் கணுவுக்கும் கதிருக்கும் நடுவே ஒரு முழத்துக்குக் குறையாமல் வழுவழுவென்று தண்டு இருக்கும். அதைத்தான் அறுத்துக் காட்டினேன். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த வாரமே நான், பிலோமினா, இன்னொருத்தி, மூன்று பேரும் பட்டறையில் சேர்ந்துவிட்டோம்.

வேலை பழகிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு மாதம் உரித்தது உரித்ததுதான். தோகையை நீக்கி, கணுவை வெட்டி எறிந்து, தண்டை வெந்நீரில் ஊறப்போட வேண்டும். கட்டைவிரல் நகத்தால் ஒரு பக்கம் கீறிப் பிரித்து, உள்ளே இருக்கும் வெள்ளைச் சோற்றைச் சுரண்ட வேண்டும். மாட்டுக்கொம்புத் தகட்டால் நீவி நீவி விரித்தால் ஒரு நாடா கிடைக்கும். அதன் அகலம் ஒரு நெல்லின் நீளம்கூட இருக்காது. அந்த நாடாக்களை ஒன்றை ஒன்று தொட்டபடி பேப்பரில் ஒட்டித் தகடு ஆக்கி, தகட்டைப் படத்துக்கு ஏற்றபடி வெட்ட வேண்டும். பலகையில் ஒட்டுவது வஜ்ஜிரத்தால். மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சுகிற பசை, நாற்றம் குடலைப் புரட்டும். பிலோ முதல் வாரம் முழுவதும் மதியச் சாப்பாட்டைத் திரும்பக் கொண்டுபோனாள். வஜ்ஜிரம் சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகிவிடும் என்பதை மட்டும் வாசிக்கிறவர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் தலையெழுத்து அதில்தான் இருந்தது.

ஆசீர்வாதம் சார் சத்தம் போட்டுப் பார்த்ததில்லை. எதற்கும் "நல்லது" என்பார். நன்றாகச் செய்தாலும் "நல்லது", கெடுத்தாலும் "நல்லது". முதல் நல்லதில் 'ல்' கொஞ்சம் நீளும், இரண்டாவதில் சட்டென்று அறுந்துவிடும். எது எந்த நல்லது என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு ஆறு மாதம் ஆயிற்று. வந்த அன்றே கண்ணாடி வளையலைக் கழற்றச் சொல்லிவிட்டார், கீறிவிடுமாம். முடித்த வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு சுண்டுவிரல் நகத்தின் முதுகால் தடவிப் பார்ப்பார். "கண்ணு ஏமாத்திரும்ங்க. நகம் ஏமாத்தாது," என்பார். அந்த நகம் ஒரு இடத்தில் நின்றதென்றால், அதைப் பிரித்துத் திரும்ப ஒட்ட வேண்டியதுதான். நான் மனதுக்குள் அந்த நகத்தைத் திட்டாத நாள் கிடையாது. சாரைத் திட்ட வாய் வராது, நகத்தைத் திட்டலாம் அல்லவா?

அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் விடவில்லை. குறுவை போயிற்று, சம்பாவும் நம்பிக்கையில்லை. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு திருப்பூர் போக ஆரம்பித்தார்கள். பனியன் கம்பெனிக்கு ஆள் கூட்டிப் போகும் வேன் மாதத்துக்கு ஒரு தடவை மெயின் ரோட்டுக்கு வரும். என் வீட்டுக்காரர் காலமாகி அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது. மகள் ஜெனிபர் நாலாவது படித்துக்கொண்டிருந்தாள். பட்டறை வேலை மட்டும் இல்லையென்றால் நானும் போகத்தான் வேண்டும். அங்கே பெண்களைக் கம்பெனி விடுதியில் வைப்பார்கள், பிள்ளைகளைக் கூட்டிவர முடியாது. ஜெனிபரைக் கும்பகோணத்தில் சிஸ்டர்கள் விடுதியில்தான் விட வேண்டும்.

அந்தச் சமயத்தில் வந்தது மதாமின் எழுதுமேசை. மதாம் புதுச்சேரியில் முப்பது வருஷமாக இருக்கும் பிரெஞ்சு அம்மாள். தமிழ் பேசுவார், ஆனால் கலெக்டராக இருந்தாலும் 'நீ'தான். மேசை அவருடைய அம்மாவுடையது. அதைச் சரிசெய்து தன் தங்கைக்கு ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று கொண்டுவந்தார். முதலாளிக்கு இது பெரிய இடம். வயலில் நின்றவர்களைக் கொண்டு இதைச் செய்வதா என்று அவருக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். "சார், உங்கள நம்பி வுடறேன்," என்று மட்டும் சொன்னார்.

மேசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று டிராயர்கள். மூன்றின் முகப்பிலும் வைக்கோல் படம். கீழ் இரண்டில் வைக்கோல் மக்கிப் பொடியாகிவிட்டது. மேல் டிராயரில் ஒரு மாதுளைக் கிளையும் அதில் இரண்டு பறவைகளும் முழுசாக இருந்தன. பொன் நிறம், பழுப்பு, கொஞ்சம் கறுப்பு. பலகை மட்டும் நடுவில் விரிசல் விட்டிருந்தது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் தாள் என்றால் நெல்லின் தண்டு. அறுத்த பிறகு வயலில் நிற்பதும் தாள், கட்டிக்கொண்டு போவதும் தாள். வைக்கோல் என்று சார் சொல்லுவார், நாங்கள் தாள் என்போம். எங்களோடு பழகிப் பழகி அவருக்கும் அது வாயில் வந்துவிட்டது. "கீழ் ரெண்டு டிராயர்ல இருக்கற தாளை நனைச்சு எடுத்துடுங்க," என்று என்னிடம் சொன்னார். வெந்நீர்த் துணியைப் போட்டு வஜ்ஜிரத்தை இளக்கி, மக்கின வைக்கோலை வழித்துப் பலகையைச் சுத்தமாக்கினேன். தடவிப் பார்த்து, நீண்ட 'ல்' போட்டு "நல்லது" என்றார்.

மேல் டிராயருக்கு வேறு வைத்தியம். விரிசலைச் சேர்க்கும்போது படம் உதிர்ந்துவிடக் கூடாது என்று, அதன் முகத்தில் மெல்லிய பேப்பர் ஒன்றைக் கஞ்சிப்பசையால் சார் ஒட்டிவைத்திருந்தார். பின்பக்கம் ஆப்பு வைத்து விரிசலை மூடியாயிற்று. அந்தப் பேப்பரை ஈரப் பஞ்சால் ஒற்றி உரிப்பதுதான் பாக்கி. ஒரு வெள்ளிக்கிழமை காலை, அவருடைய அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று தரங்கம்பாடியிலிருந்து போன் வந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டே வாசலிலிருந்து சொன்னார்: "செசிலி, மேல் டிராயர்ல இருக்கற தாளை நனைச்சு எடுத்துடுங்க."

அவர் சொன்னது பேப்பரை. அச்சுக்கூடக்காரர் வீட்டில் பேப்பருக்குத் தாள் என்றுதான் பேர். பட்டறையில் எல்லோரும் பேப்பர் என்பதால் அவரும் பேப்பர் என்றே சொல்லிவந்தவர், அவசரத்தில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

நான் வெந்நீர் போட்டேன். முதலில் பேப்பர் தானாகக் கழன்று வந்தது. நல்ல மெல்லிய பேப்பர், குப்பையில் போட மனம் வரவில்லை. கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு ஜெனிபருக்கு ஆகும் என்று கொடியில் காயப்போட்டேன். பிறகு சூடான துணியைப் படத்தின் மேல் விரித்தேன்.

பிலோ எட்டிப் பார்த்தாள். "ஏண்டி, இது நல்லாத்தானே இருக்கு? இதையுமா எடுக்கச் சொன்னாரு?"

எனக்கும் சந்தேகம் வந்தது. வந்ததா இல்லையா என்று கேட்டால், வந்தது. "சார் சொன்னா சொன்னதுதான்," என்றேன்.

மாதுளையும் பறவையும் துண்டு துண்டாக மிதந்து வந்தன. இருநூறுக்கு மேல் இருக்கும். பழைய தாள்தானே என்று கொட்டாமல், முறத்தில் பரப்பிவைத்தேன். பலகையைத் தண்ணீர் விட்டு அலசி, துடைத்து, காற்றில் வைத்தேன். அன்று வீட்டுக்குப் போகும்போது ஒரு வேலையை ஒழுங்காக முடித்த திருப்தி.

சனிக்கிழமை மதியம் சார் வந்தார். "மேல் டிராயர் எங்கங்க?"

"எடுத்துட்டேங்க சார். சுத்தமா இருக்கு, பாருங்க," என்று பெருமையாக நீட்டினேன்.

வெறும் பலகையைப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடியும் முன்பக்கம் பார்த்தார். "நல்லது," என்றார். அந்த 'ல்' அறுந்த மாதிரி அதற்கு முன்னும் அறுந்ததில்லை, பின்னும் இல்லை. கவிழ்த்து வைத்திருந்த ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நான் என்ன சொன்னேன்?"

"தாளை நனைச்சு எடுத்துடுங்கன்னீங்க."

எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு மெல்லிய பேப்பரை எடுத்துவந்தார். "இது பேரு என்ன?"

"பேப்பருங்க."

முறத்திலிருந்து ஒரு வைக்கோல் துண்டை எடுத்தார். "இது?"

"தாளுங்க," என்று சொல்லும்போதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

துண்டை முறத்தில் திரும்ப வைத்துவிட்டுக் கேட்டார். "நல்லா இருக்கற படமாச்சேன்னு சந்தேகம் வரலியா?"

"வந்துச்சுங்க."

"முதலாளிகிட்ட சொல்லியிருந்தா எனக்குப் போன் போட்டிருப்பாரே. ஏன் கேக்கல?"

"கேட்டுப் பழக்கமில்லீங்க சார்."

வயலில் வேலை ஏவுகிற காரியக்காரர் சொன்னதைத்தான் செய்ய வேண்டும். என் அம்மா ஒரு தடவை, "இந்த நாத்து அழுகியிருக்கே, இதையா நடறது?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பண்ணையில் அம்மாவுக்கு நடவு இல்லை. நட்ட நாற்று அழுகித்தான் போயிற்று, அது வேறு விஷயம். கேட்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் சோறோடு ஊட்டியது. இதைச் சாரிடம் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். "தப்பு என்னுதுங்க," என்றார்.

முதலாளி அப்படிச் சொல்லவில்லை. வியாழக்கிழமை மதாம் வருகிறார், அவர் வேண்டாம் என்று தூக்கிக்கொண்டு போய்விட்டால் மறுநாளிலிருந்து மூன்று பேரும் வர வேண்டியதில்லை என்று சாரிடம் சொல்லிவிட்டார். அவர் மேலும் குற்றமில்லை. அவர் பட்டறையின் பேர் அது.

அதே வியாழக்கிழமை மூன்று மணிக்குத்தான் திருப்பூர் வேன். பக்கத்து வீட்டு லூர்துமேரியும் எதிர்வீட்டு அந்தோணியம்மாவும் போவதாக இருந்தது. நானும் ஒரு இடம் சொல்லிவைத்தேன். சிஸ்டர்களைப் பார்த்து ஜெனிபருக்கு விடுதியில் பேசினேன், நான் போனால் பிலோ அவளைக் கொண்டுவந்து விடுவாள் என்றேன். வீட்டில் அவளிடம் சொன்னபோது, "நான் சத்தம் போடாம இருந்தாகூடவா கூட்டிட்டுப் போக முடியாது?" என்று கேட்டாள். நான் அழுதேன்.

இதற்கு நடுவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்தச் சனிக்கிழமை சாயந்தரமே, சார் முறத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எந்தத் துண்டு எங்கே என்று தெரியாமல் இருநூறு துண்டுகளை என்ன செய்வது? அப்போது பின்கட்டுக் கொடியில் அவர் கண் போயிற்று. "அது என்னங்க தொங்குது?"

"படத்து மேல இருந்த பேப்பருங்க. என் மகளுக்கு நட்சத்திரம் ஒட்ட ஆகுமேன்னு... கேக்காம எடுத்துட்டேன் சார். மன்னிச்சுக்குங்க."

ஓடிப் போய் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெந்நீர் பட்டதில் வைக்கோலின் பழைய சாயம் பேப்பரில் இறங்கியிருந்தது. இங்கே ஒரு பச்சைக் கறை, அங்கே ஒரு சிவப்பு. உற்றுப் பார்த்தால் கிளை தெரிந்தது, இலை தெரிந்தது, இரண்டு பறவைகளும் தெரிந்தன.

"கேக்காம எடுத்ததுக்கு ஸ்தோத்திரம்," என்றார் சார். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

ஞாயிறு பூசைக்கு நான் போகவில்லை, அவர் ஆராதனைக்குப் போகவில்லை. நான்கு நாள். பேப்பரைக் கறை மேலே தெரியும்படி கண்ணாடி மேல் விரித்து, ஜன்னலோரம் வைத்தோம். ஒவ்வொரு துண்டாக அதன் கறை எங்கே இருக்கிறது என்று பார்த்து, கஞ்சிப்பசையால் முகம் கீழே இருக்கும்படி ஒட்ட வேண்டும். காய்ந்தால் சுருளும், அதிகம் நனைத்தால் பிய்யும். இடுக்கியால் எடுத்து, மூச்சைப் பிடித்து வைக்க வேண்டும். எங்களோடு சேர்ந்த இன்னொருத்தி கீழ் டிராயர்களுக்குப் புதுப் படம் ஒட்டிக்கொண்டிருந்தாள். பிலோ துண்டுகளை நிறம் பிரித்துக் கொடுத்தாள். நான் வைத்தேன். சார் நகத்தால் தடவிக்கொண்டே வந்தார். முகம் கீழே போனதால் முதுகு மேலே தெரிந்தது அல்லவா, அந்த முதுகில்தான் அதிசயம் இருந்தது. வெயில் படாத பக்கம். சாயம் போட்ட அன்று இருந்த மாதிரி அப்படியே இருந்தது. செவ்வாய்க்கிழமை ஒரு பறவை முடிந்தபோது மூன்று பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தோம்.

"சார், இது கிளிங்க," என்றேன். பழுப்பும் பொன்னுமாக இருந்தது இத்தனை நாள். இப்போது நடவு வயல் பச்சையில் இருந்தது. மூக்கு சிவப்பு.

சார் உடனே ஆள் அனுப்பி ஸ்டுடியோக்காரரை வரவழைத்து, கலரில் ஒரு போட்டோ எடுக்கச் சொன்னார். ஒட்டித் திருப்பிவிட்டால் இந்தப் பச்சையை இனி யாரும் பார்க்கப் போவதில்லை. பன்னிரண்டு துண்டுகள் கூழாகிவிட்டிருந்தன. அவற்றுக்குப் பதில் எங்கள் மாப்பிள்ளைச் சம்பாவை டீத்தண்ணீரில் ஊறவைத்துப் பழுப்பேற்றி வெட்டினேன். புதன்கிழமை, முதுகில் வஜ்ஜிரம் தடவி, டிராயர்ப் பலகையில் கவிழ்த்து, சூடான பலகை வைத்து, மணல் மூட்டையால் அழுத்தினோம். சாயந்தரம் சார் பேப்பரை விரலால் தொட்டுக் காட்டி, "இதை நனைச்சு எடுங்க," என்றார். ஈரப் பஞ்சால் ஒற்றி உரித்தேன். பச்சை உள்ளே போய், பழைய பொன் நிறம் வெளியே வந்திருந்தது. கண்ணை மூடி நகத்தால் தடவினார். நகம் எங்கேயும் நிற்கவில்லை.

டிராயரின் பின்பக்கத்தில் என்னையே பென்சிலால் எழுதச் சொன்னார்: பன்னிரண்டு துண்டு புதிது, நெல் வைக்கோல். "உங்க பேரையும் போடுங்க. செஞ்சவங்க பேரு இருக்கணும்." செசிலி என்று எழுதினேன். கல்யாண ரிஜிஸ்தருக்குப் பிறகு என் பேரை நான் எழுதினது அப்போதுதான்.

அன்றிலிருந்து பட்டறையில் ஒரு சட்டம் வந்தது. எந்த வேலையையும் வாயால் மட்டும் சொல்லக் கூடாது, அந்தப் பொருளைத் தொட்டுக் காட்டிச் சொல்ல வேண்டும். கேட்கிறவரும் தொட்டுக் காட்டித் திரும்பச் சொல்ல வேண்டும். நிவேதா கம்ப்யூட்டர் திரையைத் தொட்டுத் தொட்டு அழுக்காக்குகிறாள் என்று இப்போது குறை சொல்கிறார்கள். அதற்கு முதல் காரணம் நான்தான்.

வியாழக்கிழமை காலை மூட்டையை லூர்துவிடம் கொடுத்துவிட்டுப் பட்டறைக்கு வந்தேன். "மதாம் வேணாம்னுட்டா நேரா ரோட்டுக்கு வந்து ஏறிக்கிறேன்," என்று சொல்லியிருந்தேன். மதாம் மதியம்தான் வந்தார். முதலாளி எங்களிடம், "நீங்க யாரும் வாயத் தொறக்க வேணாம்," என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மதாம் குனிந்து மேல் டிராயரை வெகுநேரம் பார்த்தார். "நல்லா இருக்கு," என்றார். முதலாளி மூச்சு விட்டார். அதோடு முடிந்திருக்கும். சார்தான் முன்னால் வந்தார்.

"மதாம், இந்தப் படம் முழுசா கழண்டுபோய், திரும்ப ஒட்டினது. பன்னெண்டு துண்டு புதுசு. நான் வேலையைச் சரியா சொல்லாம போனதால வந்தது. தப்பு என்னுது."

முதலாளி முகம் போன போக்கை நான் பார்க்கவில்லை. மதாமைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதர் எனக்காக இப்படித் தலைகுனிந்து நிற்கும்போது நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் நன்றாக இருக்குமா? பேசிவிட்டேன். "மதாம், பாதித் தப்பு என்னுதுங்க. எனக்குச் சந்தேகம் வந்துச்சு. நான் கேக்கல."

மேலிடத்தில் இருப்பவர் கேட்காமல் நானாக வாய் திறந்து பேசினது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

மதாம் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, புதுத் துண்டுகளைத் தேடினார். மூன்றைக் கண்டுபிடித்தார். மீதி ஒன்பது அகப்படவில்லை. அப்போது சார் அந்தப் போட்டோவைக் கொடுத்தார்.

மதாம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "பச்சை," என்றார். "எங்க அம்மா சொல்லுவா, தான் சின்னப் பொண்ணா இருக்கும்போது கிளி கொஞ்சம் பச்சையா இருந்துச்சுன்னு. நானும் தங்கச்சியும் சிரிப்போம். அம்மா பொய் சொல்றான்னு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த போட்டோ எனக்கு. இன்னொண்ணு போடு, தங்கச்சிக்கு." டிராயரை உருவிப் பின்பக்கம் பார்த்தார். "செசிலி நீயா?"

"ஆமாங்க."

முதலாளி பக்கம் திரும்பினார். "என் வீட்டுல அலமாரி இருக்கு. பெருசு. ரெண்டு கதவும் வைக்கோல். இவங்ககிட்ட குடு. மழைக்கு முன்னாடி முடிக்கணும்."

அவர் கார் போன பிறகு முதலாளி வாசலிலிருந்து திரும்பி வந்தார். சாரிடம், "மூணு பேரால முடியுமா சார்?" என்றார்.

"முடியாதுங்க. அஞ்சு பேர் வேணும். தாள் உரிக்கத் தெரிஞ்ச கை."

"இப்ப போயி எங்க தேடறது?"

சுவர்க் கடிகாரத்தில் இரண்டரை. "சார், நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றேன். இரண்டு பேரும் திரும்பினார்கள். "எனக்கு ஒரு மணி நேரம் லீவு வேணுங்க. ரெண்டு பேரைக் கூட்டிட்டு வர்றேன்."

டவுன் பஸ் அன்றைக்கென்று எல்லா நிறுத்தத்திலும் நின்றது. ஜெனிபர் என்னோடுதான் இருப்பாள், ஜெனிபர் என்னோடுதான் இருப்பாள் என்று ஜெபமாலை உருட்டுகிற மாதிரி சொல்லிக்கொண்டே வந்தேன். மெயின் ரோட்டில் இறங்கியபோது வேன் ஸ்டார்ட் ஆகிப் புகை விட்டுக்கொண்டிருந்தது. மூட்டைகள் எல்லாம் மேலே கட்டியாயிற்று. ஓடிப் போய்க் கதவை அறைந்தேன்.

"அண்ணே, மூட்டைய எறக்குங்க!"

"யாரு மூட்டை?" என்றார் டிரைவர்.

"என்னுது, லூர்துது, அந்தோணியம்மாவுது. மூணும்."

"வெளையாடறியாம்மா? எண்ணி ஆள் ஏத்தியிருக்கேன். அங்க போயி நான் என்ன பதில் சொல்றது?"

"மூணு பேரு எடத்துல காலை நீட்டிக்கிட்டுப் போங்க அண்ணே. எறக்குங்க."

லூர்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. "என்னடி ஆச்சு? வேலை போகலியா?"

"போகல. உனக்கும் இருக்கு. எறங்கு."

"என்ன வேலை?"

"தாள் உரிக்கற வேலை."

"அறுப்பே இல்லாம தாளா? போடி, இதுக்குத்தான் வண்டிய நிறுத்துனியா?"

"எறங்குடி. உக்காந்து செய்யற வேலை."

லூர்து ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பத்து வயசிலிருந்து சேற்றில் குனிந்தே நின்ற முதுகு அவளுடையது. "உக்காந்தா?" என்று ஒரு தடவைதான் கேட்டாள். செருப்பைத் தேடிக்கூட எடுக்காமல், அந்தோணியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.